வாய்ச்சவடால் எத்தனின் இரண்டு அச்சங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களுக்கான இப்பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, ஒரே வகைப் பாத்திரத்தைப் பற்றியே கேட்டிருந்தன. வாயைத் திறந்தால் வீரம் பேசி, வாளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் எத்தன் அவன். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை அவனைப் பற்றி மட்டுமே பேசுவோம்.

கேள்வி (வாசகர், கோவை): வணக்கம் ஐயா. நண்பர்கள் ஐவர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடி வருகிறோம். என் பாத்திரம் காஸ்பார்; ஹாஃப்லிங் என்னும் குள்ள இனத்தைச் சேர்ந்த ரோக், அதாவது எத்தன். சத்திரத்தில் உட்கார்ந்தால் ஏழு அரக்கர்களைத் தனியாகக் கொன்றதாக அளப்பான். எதிரில் கோப்ளின் என்னும் சின்னப் பூதம் ஒன்று வந்தாலும் தலைதெறிக்க ஓடுவான். முதல் இரண்டு வாரங்கள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் ஓகர் என்னும் பெரும் அரக்கனோடு நடந்த சண்டையில் நான் ஓடிவிட, எங்கள் போர்வீரன் இறந்துவிட்டான். அந்தப் பாத்திரத்தை ஆடிய நண்பர் இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் பாத்திரத்துக்கு உண்மையாகத்தானே ஆடினேன்? என் தவறு என்ன?

பதில்: காஸ்பார் ஓடியதைத் தவறென்று சொல்லமாட்டேன். எப்போது ஓடினான், எவ்வளவு தொலைவு ஓடினான் என்பதில்தான் தவறு இருக்கிறது. அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காஸ்பாரைப் படைத்தவர் நீங்கள். அவன் எதற்கு அஞ்சுவான், எவ்வளவு அஞ்சுவான், அஞ்சும்போது என்ன செய்வான் என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவரும் நீங்களே. எனவே, போர்வீரன் சாய்ந்துகொண்டிருந்த அந்த வேளையில் ஓடுவதென்று தீர்மானித்தவரும் நீங்கள்தாம். ‘பாத்திரத்துக்கு உண்மை’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தத் தீர்மானத்தை ஒளித்துவைக்க இயலாது. உங்கள் நண்பர் வாரக்கணக்கில் வளர்த்த ஒருவனை இழந்திருக்கிறார். அடுத்த ஆட்டம் தொடங்குமுன் அவரைத் தனியே கண்டு, காஸ்பாரின் குரலில் அல்லாமல் உங்கள் சொந்தக் குரலில் வருத்தம் தெரிவியுங்கள். அது முதல் வேலை.

இனிப் பாத்திரத்துக்கு வருவோம். ‘கோழை’ என்று தாளில் ஒரு சொல் எழுதி நிறுத்திக்கொண்டால், அந்தப் பாத்திரத்துக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இராது. வாய்ச்சவடால் பேசும் கோழை அவ்வளவு எளிய ஆள் அல்லன். அவனுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று உயிரச்சம். மற்றொன்று, தன் கோழைத்தனம் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். இரண்டாவது அச்சம் இல்லாதவன் வீரம் பேசவேண்டிய தேவையே இல்லை. ‘எனக்குச் சண்டை வராது’ என்று சொல்லிவிட்டுச் சத்திரத்திலேயே சோறு தின்றுகொண்டு கிடப்பான். உயிரச்சம் அவனைப் பின்னுக்கு இழுக்கிறது. மானம் பற்றிய அச்சம் முன்னுக்குத் தள்ளுகிறது. இந்த இழுபறியை ஆடிக் காட்டுவதுதான் இப்பாத்திரத்தின் சுவை. நீங்கள் இதுவரை ஒரு பக்கத்தை மட்டுமே ஆடியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

நீங்கள் ஆடும் 2014ஆம் ஆண்டு விதிநூலிலேயே இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பாத்திரத்தின் பின்னணிகளுள் ‘கிரிமினல்’ என்பதன்கீழ்த் தரப்பட்டுள்ள குறைகளில் ஒன்று, நிலைமை மோசமானால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவேன் என்பது. ‘சார்லட்டன்’ என்னும் ஏமாற்றுக்காரனின் பின்னணியிலும் ஏறக்குறைய அதே குறை இருக்கிறது. ஆனால் அதில், இதை ஒப்புக்கொள்ளவே வெறுக்கிறேன், இதற்காக என்னையே வெறுத்துக்கொள்வேன் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. காஸ்பாருக்கு இந்த இரண்டாவது குறையைத் தேர்ந்தெடுங்கள். முன்னதில் ஓட்டத்தோடு கதை முடிந்துவிடுகிறது. பின்னதிலோ ஓடி நின்ற பிறகுதான் கதையே தொடங்குகிறது.

எவ்வளவு தொலைவு ஓடுவது என்பதற்கு விதிகளே விடை தருகின்றன. ரோக் இரண்டாம் நிலையை எட்டியதும் ‘கன்னிங் ஆக்ஷன்’ என்னும் திறன் கிடைக்கிறது. அதைக் கொண்டு, தன் முறையில் வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்ஷனாகவே விரைந்து ஓடலாம், அடி வாங்காமல் விலகலாம், அல்லது ஒளிந்துகொள்ளலாம். ஹாஃப்லிங்கின் நடை ஒரு முறைக்கு 25 அடி. அம்பு எய்துவிட்டு, நடையையும் போனஸ் ஓட்டத்தையும் சேர்த்தால் 50 அடி விலகிவிடலாம். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நின்றால், ஓட்டத்துக்குப் பதிலாக விலகலைப் பயன்படுத்தி 25 அடி தப்பலாம். குறுவில்லுக்குக் குறி தப்பாத எல்லை 80 அடி. ஆகவே காஸ்பார் எவ்வளவு அஞ்சினாலும் 80 அடிக்குள்ளேயே அஞ்சட்டும். அவன் கூட்டாளி ஒருவர் எதிரிக்கு 5 அடிக்குள் நின்று போரிட்டுக்கொண்டிருந்தால், தொலைவிலிருந்து எய்யும் அம்புக்கும் ‘ஸ்நீக் அட்டாக்’ என்னும் கூடுதல் சேதப் பகடைகள் சேரும். அதாவது, இவன் நடுங்கிக்கொண்டு நிற்கும் இடமே இவன் அம்பு மிக ஆழமாகப் பாயும் இடமாகவும் இருக்கிறது.

அதிலும் நீங்கள் ஹாஃப்லிங்கைத் தேர்ந்தது நல்வாய்ப்பு. ‘லைட்ஃபுட்’ பிரிவைச் சேர்ந்தவன் தன்னைவிட உருவில் ஓர் அளவேனும் பெரியவரின் பின்னால் ஒளிய முயலலாம். போர்வீரனின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அங்கிருந்தே எய்துவிட்டு, மறுபடியும் ஒளிந்துகொள்கிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவன் கோழைதான், ஆனால் அந்தப் போர்வீரன் சாகாமல் நிற்பதில் மற்ற யாரையும்விட அவனுக்கே அக்கறை அதிகம்.

எப்போது ஓடக்கூடாது என்பதற்கு நான் எனக்கே வைத்திருக்கும் வரம்பு ஒன்றுதான். தோழர் ஒருவர் ஹிட் பாயிண்ட் (உயிர்வலு) 0 ஆகி விழுந்து கிடக்கும்போது, அவரை விட்டு என் பாத்திரம் போகாது. விழுந்தவர் தம் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டவேண்டும். மூன்று தோல்விகள் சேருமுன் மூன்று வெற்றிகள் சேரவில்லையென்றால் உயிர் போய்விடும். அந்தச் சில சுற்றுகளில் மேசையில் இருப்பவர் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள். காஸ்பார் 50 பொற்காசு கொடுத்து ஒரு குணமாக்கும் மருந்துக் குப்பியை வாங்கி, ‘இது எனக்கு மட்டும்’ என்று இடுப்பில் முடிந்து வைத்திருக்கட்டும். தோழன் சாயும்போது, திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் ஊர்ந்து வந்து, அதை அவன் வாயில் ஊற்றட்டும். அப்போதும் அவன் கோழையாகவே இருப்பான், உங்கள் நண்பரும் உங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): ரோக் என்றால் திருடன், திருடன் என்றால் கோழை என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் எப்படி வந்தது?

பதில்: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் திருடனுக்கு இடமே இல்லை. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு ஆகிய மூவர் மட்டுமே இருந்தனர். 1975இல் வந்த துணைநூலில்தான் ‘தீஃப்’ என்ற பெயரில் திருடன் சேர்ந்தான். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவன் பெயர் ‘ரோக்’ என்று மாறியது. அந்த மாற்றத்துக்குப் பிறகே, திருடாத எத்தனும் உளவாளியும் நாவன்மையால் பிழைப்பவனும் இந்த வகுப்புக்குள் இயல்பாக வந்து அமர்ந்தார்கள்.

கோழைத்தனம் என்று பலரும் கருதியது, உண்மையில் கணக்கு. அந்த 1975ஆம் ஆண்டு விதிகளில் போர்வீரனின் உயிர்வலு எண்முகப் பகடையால் அளக்கப்பட்டது. திருடனுடையதோ நான்முகப் பகடையால். முதல் நிலையில் நான்முகப் பகடையில் ஒன்று விழுந்துவிட்டால், ஓர் அடியே போதும். ஆனால் சத்தமின்றிப் பின்னாலிருந்து தாக்கினால் அவன் அடி இரட்டிப்பாகும். இத்தகைய உடலும் இத்தகைய கத்தியும் உள்ளவன் நேருக்கு நேர் நின்றால் அது வீரம் ஆகாது. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்ற வள்ளுவர் வாக்கை இவனுக்கு அப்படியே பொருத்தலாம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ரோக்கின் உயிர்வலு எண்முகப் பகடையாக உயர்ந்துவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

கேள்வி (வாசகி, பெங்களூரு): எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். தற்பெருமை பேசும் பாத்திரம் ஒன்றை ஆட ஆசையாக இருக்கிறது. ஆனால் மேசையில் வாயைத் திறந்தால் ‘நான் பெரிய வீராங்கனை’ என்பதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. எப்படிப் பேசுவது?

பதில்: பெருமையை நேராகச் சொன்னால் அது நிற்காது, விவரத்தின்மேல் ஏற்றிச் சொன்னால் நிற்கும். ‘நான் பெரிய வீராங்கனை’ என்பதை விட்டுவிடுங்கள். ‘அந்தப் பாலத்தில் அன்றைக்கு மழை. என் இடக்காலணியின் வார் அறுந்திருந்தது. அதனால்தான் மூன்றாமவன் தப்பினான்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் வீரம் என்ற சொல்லே இல்லை. இருந்தும் முதல் இருவரின் கதி என்னவென்று கேட்பவர் தாமே ஊகித்துக்கொள்கிறார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இப்படி இரண்டு விவரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய துணை. எனக்கும் தொடக்கத்தில் இதுதான் கைகொடுத்தது.

இரண்டாவதாக, எண்ணிக்கை வளரட்டும். ஷேக்ஸ்பியர் படைத்த ஃபால்ஸ்டாஃப் இதில் எல்லோருக்கும் ஆசான். வழிப்பறி செய்த பணத்தை இரண்டே பேரிடம் பறிகொடுத்துவிட்டு ஓடிவந்த அவன், சத்திரத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போது முரட்டுத்துணி உடுத்திய எதிரிகள் இருவர் என்று தொடங்குகிறான். பேச்சு வளர வளர அது நான்காகி, ஏழாகி, ஒன்பதாகி, பதினொன்றில் வந்து நிற்கிறது. இதில் நாம் கவனிக்கவேண்டியது, அந்த இருவரும் யார் என்பது. கதையைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் இளவரசனும் அவன் தோழனுமே மாறுவேடத்தில் வந்து பணத்தைப் பறித்தவர்கள். கேட்பவருக்கு உண்மை தெரிந்திருக்கும்போதுதான் சவடால் இனிக்கிறது. ஆகவே உங்கள் தோழர்கள் கண்ணால் கண்ட ஒன்றையே அவர்கள் முன்னிலையில் மிகைப்படுத்திச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாத இடத்தில் நடந்ததாகச் சொல்லும் பழங்கதைகளைவிட அதற்குச் சுவை பன்மடங்கு அதிகம். எதிர்த்துப் பேசவும் திருத்தவும் உடன்சேர்ந்து புளுகவும் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோழரின் வெற்றியைப் பிடுங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் சவடால், விரைவில் கசந்துவிடும். வேதாளத்தைக் கொன்றது மதகுரு என்றால், ‘கொன்றது அவர்தான்; எப்படிக் கொல்லவேண்டும் என்று முந்தின இரவு சொல்லிக்கொடுத்தது யார் என்று அவரையே கேளுங்கள்’ என்று சொல்லலாம். புகழின் பெரும்பங்கு உரியவரிடமே இருக்கிறது. உங்களுக்குச் சவடாலும் கிடைத்துவிடுகிறது. தோழர்களின் பாத்திரங்களை நம்பவைப்பதற்காகப் பகடை உருட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். ‘டிசெப்ஷன்’ என்னும் ஏமாற்றுத் திறனில் ‘எக்ஸ்பர்ட்டீஸ்’ என்னும் தேர்ச்சி பெற்ற ரோக் முதல் நிலையிலேயே பகடையோடு கூட்டும் தேர்ச்சி எண்ணை இரட்டித்துக்கொள்ள முடியும். அந்த வலிமையை வாயிற்காவலரிடமும் வட்டிக்கடைக்காரரிடமும் காட்டுங்கள். தோழர் நம்புவதும் நம்பாததும் அவர் விருப்பம்.

கேள்வி (ஆட்டத்தை நடத்தும் வாசகர், மதுரை): நான் டன்ஜன் மாஸ்டராக இருக்கும் குழுவில் இப்படி ஒரு பாத்திரம் சேர்ந்திருக்கிறது. சண்டை தொடங்கும்போதெல்லாம் அவன் அஞ்சுகிறானா இல்லையா என்று பகடை உருட்டச் சொல்லலாமா?

பதில்: எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. கர்ப்ஸ் என்னும் மற்றொரு பாத்திர ஆட்டத்தில் அப்படித்தான் செய்யவேண்டும். 2004இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் கோழைத்தனம் விலை குறிக்கப்பட்ட ஒரு குறை; அடிப்படை அளவில் அதை ஏற்பவருக்குப் பாத்திரத்தை உருவாக்க 10 புள்ளிகள் திரும்பக் கிடைக்கின்றன. அளவுமீறிய தன்னம்பிக்கைக்கு 5 புள்ளிகள். எந்நேரமும் பொய் பேசுவதற்கு 15. கோழைத்தனத்தை ஏற்றவர், ஆபத்து எதிர்ப்படும்போது ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி, 12 அல்லது அதற்குக் கீழ் வந்தால்தான் அச்சத்தை அடக்கமுடியும். நான்கில் ஏறக்குறைய மூன்று முறை அது கைகூடும். உயிருக்கே ஆபத்து என்றால் 5 குறைத்து, 7க்குள் உருட்டவேண்டும். அப்போது ஆறு முறைக்கு ஒரு முறைதான் கைகூடும். அங்கே கோழைத்தனம் விலை பேசி வாங்கிய சரக்கு. ஆகவே கணக்குத் தீர்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அப்படி இல்லை. அங்கே குறை என்பது ஆடுபவர் தாமாக எழுதிக்கொள்வது. விதிநூலில் வரும் ‘அஞ்சிய நிலை’ வேறு. டிராகனின் தோற்றமோ மந்திரமோ உண்டாக்கும் அந்த நிலையில், அச்சத்துக்குக் காரணமானது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தாக்குதல்கள் தடுமாறும், அதனை நோக்கி நெருங்கவும் இயலாது. குணத்தால் கோழையான ஒருவன்மேல் இந்தத் தண்டனையை ஒவ்வொரு சண்டையிலும் சுமத்தினால், அவர் ஆடுவதற்கே ஒன்றும் இராது. ஹாஃப்லிங்காக இருந்தால் அந்த நிலையை எதிர்த்து உருட்டும்போது அவருக்குச் சலுகையே உண்டு. டிராகனைக் கண்டு மற்றவர் எல்லோரும் உறைந்து நிற்க, குழுவின் கோழை மட்டும் நிலைதடுமாறாமல் நிற்கும் காட்சி ஒருநாள் உங்கள் மேசையில் அமையக்கூடும். அதைப் பகடையிடம் விட்டுவைப்பது நல்லது.

பகடைக்குப் பதிலாக, அவன் விட்ட சவடால்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு அரக்கர்களைக் கொன்றதாக ஒரு சத்திரத்தில் சொன்னான் என்றால், மூன்று வாரம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு கிழவி, எட்டாவது அரக்கன் தன் பேரனைத் தூக்கிச் சென்றுவிட்டான் என்று கையில் சிறு பணமுடிப்போடு வந்து நிற்கட்டும். அவன் ஓடலாம், ஆனால் அந்தக் கிழவி அவனை நம்பி வந்திருக்கிறாள். இப்படிச் செய்தால் அடுத்த கதையின் வித்தை அவனே உங்களுக்கு எழுதிக் கொடுத்தவன் ஆகிறான். அந்தக் குறை அவனுக்கே தொல்லையாக முடியும்படி அவர் ஆடினால், 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ‘இன்ஸ்பிரேஷன்’ என்னும் பரிசை வழங்கத் தயங்காதீர்கள்.

அவனைப் பொதுவில் அவமானப்படுத்துவதை மட்டும் வழக்கமாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முகத்திரை கிழிந்தால் இரண்டாவது அச்சம் செத்துவிடும். பிறகு அவன் வெறும் ஓட்டக்காரன்.

கேள்வி (வாசகி, சென்னை): என் ரோக் இப்போது ஒன்பதாம் நிலையில் இருக்கிறான். ரோக் வகுப்பின் சிறப்புப் பிரிவுகளான துணைவகுப்புகளில் எது இவனுக்குப் பொருந்தியிருக்கும் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. சவடாலுக்காக ‘ஸ்வாஷ்பக்லர்’ என்னும் வாள்வீச்சுக்காரன் பிரிவை எடுத்தேன்.

பதில்: சவடாலுக்குப் பொருத்தம், கோழைத்தனத்துக்கு இடர். ஒன்பதாம் நிலையில் ஸ்வாஷ்பக்லர் பெறும் திறன் பகைவரின் கவனத்தைத் தன்மேல் இழுப்பது. என்னைக் கேட்டால் ‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் சூத்திரதாரி பிரிவு என்பேன். 30 அடி தள்ளி நின்று ‘இடப்பக்கம் குத்து’ என்று கத்தியே தோழரின் தாக்குதலுக்குப் போனஸ் ஆக்ஷனாகத் துணைசெய்யலாம். பதின்மூன்றாம் நிலையில் அதற்குக் கிடைக்கும் ஒரு திறன் மட்டும் கவனத்துக்குரியது: தன்னை மறைத்து நிற்பவர்மேல் அடியைத் திருப்பிவிடலாம். அப்படி மறைத்து நிற்பவர் எதிரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு விதிநூலுக்கு மாறுவீர்களானால், ஐந்தாம் நிலையிலிருந்தே ஸ்நீக் அட்டாக் பகடை ஒன்றை விட்டுக்கொடுத்து, குத்திய கையோடு பாதி நடை தூரம் அடிபடாமல் பின்வாங்க முடியும்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): நம்மிடையே வீண் வீரம் பேசுபவனை உத்தரகுமாரன் என்று கேலி செய்கிறோம். அவனை முன்மாதிரியாக வைத்து ஒரு ரோக்கை உருவாக்கலாமா? அவன் வெறும் கேலிப்பொருள்தானே? கடைசியில் இத்தகையவனை வீரனாக மாற்றவேண்டுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். உத்தரனை நாம் பாதிக் கதையோடு விட்டுவிட்டோம். முழுவதும் பார்த்தால், இப்பாத்திரத்தை ஆடுபவர்களுக்கு அவனைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

விராட பருவத்தில் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். விராட மன்னன் படையோடு திரிகர்த்தரை எதிர்க்கச் சென்றிருக்கும் வேளையில், மறுபக்கம் கௌரவர் வந்து பசுக்களைக் கவர்கிறார்கள். அரண்மனையில் இருப்பவன் உத்தரன் ஒருவனே. அந்தப்புரத்துப் பெண்கள் நடுவில் அவன் பேசுகிறான்: தக்க தேரோட்டி ஒருவன் மட்டும் கிடைத்தால் போதும், என் வீரத்தைக் காணும் கௌரவர்கள், வந்திருப்பவன் அர்ச்சுனன்தானோ என்று வியப்பார்கள் என்று. அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பிருகன்னளையாக மறைந்து வாழும் அர்ச்சுனனும் ஒருவன். ஃபால்ஸ்டாஃபைப் பற்றிச் சொன்னேனே, உண்மை தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று; அதே அமைப்பு இங்கும் இருக்கிறது.

அவன் சவடாலில் ஒரு நிபந்தனை இருந்ததையும் பாருங்கள். தேரோட்டி இல்லை என்பதே அவன் ஒளிந்துகொண்ட இடம். சைரந்திரியாக இருந்த திரௌபதி பிருகன்னளையைக் கைகாட்டியதும் அந்த மறைவிடம் போய்விடுகிறது. நிபந்தனையோடு சவடால் விடுவதும், அந்த நிபந்தனையை மற்றொருவர் நிறைவேற்றிவிடுவதும் எந்த மேசையிலும் எடுபடும் உத்தி. உங்கள் பாத்திரம், ‘என் பழைய வாள் மட்டும் கையில் இருந்தால்’ என்று பேசட்டும். டன்ஜன் மாஸ்டர் அந்த வாளைக் கொண்டுவந்து தருவார்.

படையைக் கண்டதும் உத்தரனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. பெண்கள் முன்னால் வீரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் எல்லோரும் சிரிப்பார்களே என்று அர்ச்சுனன் இரண்டாவது அச்சத்தைத் தூண்டிப் பார்க்கிறான். பசுக்கள் போனால் போகட்டும், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான் உத்தரன். நூறு எட்டு வைப்பதற்குள் அர்ச்சுனன் துரத்திச் சென்று தலைமயிரைப் பற்றிவிடுகிறான். அப்போதும் அந்த இளவரசனின் வாய் ஓயவில்லை. நூறு பொற்காசு தருகிறேன், எட்டு வைடூரியம் தருகிறேன், தேர் தருகிறேன், மதயானை பத்துத் தருகிறேன், விட்டுவிடு என்று பேரம் பேசுகிறான். இந்தப் பேரத்தை நான் மிகவும் விரும்புகிறேன். எத்தனுக்கு உரிய கருவி நாக்கு; உயிர் போகும் நேரத்திலும் அவன் அதைத்தான் எடுக்கிறான். உங்கள் ரோக்கும் அடிபட்டுக் கிடக்கும்போது விலை பேசிக்கொண்டே இருக்கட்டும்.

அர்ச்சுனன் அவனை இகழாமல், நீ கடிவாளத்தைப் பிடி, போரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். வன்னி மரத்தில் பிணம்போலக் கட்டி வைத்த ஆயுதங்களை அவனைக்கொண்டே இறக்குகிறான். அஞ்சுபவனிடம் வாளைத் திணிக்காமல் அவனால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்ததால்தான் உத்தரன் போர்க்களத்துக்குள் தேரைச் செலுத்தினான். குழுவில் போர்வீரனாக ஆடுபவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். கோழையைத் திட்டுவதைவிட, ‘கதவைப் பார்த்துக்கொள், எவனாவது வந்தால் கத்து’ என்று ஒரு வேலை கொடுப்பது அவனை ஆட்டத்துக்குள் கொண்டுவரும்.

பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. வென்றபின், தான் யார் என்பது இப்போதைக்கு வெளிப்பட வேண்டாம் என்பதற்காக, வெற்றியை உன்னுடையது என்றே அரசனிடம் சொல் என்கிறான் அர்ச்சுனன். நகரமே இளவரசனைக் கொண்டாடக் காத்திருக்கிறது. தந்தை மகனின் வீரத்தை எண்ணிப் பூரித்துப்போயிருக்கிறான். பிருகன்னளையைப் புகழ்ந்தமைக்காகக் கங்கனாக இருந்த தருமனின் முகத்தில் சூதுக்காயை எறியும் அளவுக்குப் பூரிப்பு. சவடால் பேசியே பழகியவனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் இத்தகைய வாய்ப்பு வரும். அந்த அவையில் உத்தரன், பசுக்களை மீட்டது நான் அல்லன், அஞ்சி ஓடிய என்னைத் தடுத்து நிறுத்திப் போரிட்டது தேவகுமாரன் ஒருவன் என்று சொல்கிறான். அர்ச்சுனனின் பெயரை மட்டும் மறைத்தான். தான் ஓடியதை மறைக்கவில்லை.

ஆகவே, கடைசியில் வீரனாக மாற்றவேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை இது. முதலில் இரண்டாவது அச்சம் நீங்கட்டும். வாளேந்தி முன்னால் பாய்வதற்கு முன், தான் ஓடியதை நாலு பேர் நடுவில் ஒப்புக்கொள்ளும் ஒரு காட்சி அவனுக்கு அமையவேண்டும். அதைப் பகடையால் தீர்க்கவேண்டாம். அவையைக் கூட்டித் தருவது டன்ஜன் மாஸ்டரின் வேலை, பேசுவது உங்கள் வேலை. அதற்குப் பிறகும் உயிரச்சம் இருக்கலாம், இருக்கட்டும். கைகள் நடுங்கினாலும் கடிவாளத்தை விடாதவனை ஆடிப் பாருங்கள்.

குருட்சேத்திரப் போரின் முதல் நாளிலேயே உத்தரன் யானைமேல் ஏறிச் சல்லியனின் தேரை நோக்கிச் சென்றான். அவன் யானை சல்லியனின் குதிரைகளை மிதித்துக் கொன்றது. சல்லியன் எறிந்த வேலால் அவன் அங்கேயே வீழ்ந்தான். அன்று அவனைத் தேர்மேல் இழுத்து ஏற்ற யாரும் துரத்தி வரவில்லை.